மெய்யழகனை லேப்டாப்பில் பார்த்தவன் பேசுகிறேன்

'கூலி' வெளியான 2025 ஆகஸ்ட் 14 அன்று மதியத்துக்கு மேல் லீவு போட்டேன். மேனேஜரிடம் "குடும்ப விசேஷம்" என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. எங்க வீட்டில் ரஜினி படம் என்றால் குடும்ப விசேஷம்தான். மன்னார்குடியில் 'அண்ணாமலை'க்கு முதல் காட்சி போய், சட்டை கிழிந்து வீடு திரும்பிய கதையை என் சித்தப்பா இன்னும் போனில் சொல்வார். இங்கே ஸ்டுட்கார்ட் பக்கம் எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட் லிங்க் வந்த ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு இடம் போய்விட்டது. ஒரு டிக்கெட் 20 யூரோ. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அதே குழுவில் ஜூலை மாதம் நானும் ஒரு செய்தி போட்டிருந்தேன். ராம் இயக்கி, மிர்ச்சி சிவா நடித்த 'பறந்து போ' பற்றி. எங்கள் பகுதியில் தமிழ்ப் படங்களுக்கு ஏற்பாடு செய்யும் நண்பர், "அறுபது பேர் உறுதியாச் சொன்னா ஞாயிறு மத்தியானம் ஒரு ஹால் எடுத்துடலாம்" என்றார். ஒரு வாரம் கெஞ்சினேன். இருபத்து மூணு பேர் வந்தார்கள், அதிலும் ஆறு பேர் "பாக்கலாம்" வகை. "ஓடிடியில வந்துடும் பாஸ்" என்று ஒருத்தர் எழுதினார், அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல்! காட்சி நடக்கவில்லை.

அவர்களை நான் திட்ட முடியாது. அதுக்கு முந்தின வருஷம் 'மெய்யழகன்' படத்துக்கு நான் செய்ததும் இதேதான்.

2024 செப்டம்பர் கடைசியில் அந்தப் படம் வந்தது. எங்கள் ஊர்க் கீனோவில் (தியேட்டரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரே ஒரு காட்சி. ஞாயிறு ராத்திரி. திங்கள் காலையில் ஒரு ரிலீஸ், அதாவது சினிமா ரிலீஸ் இல்லை, சாஃப்ட்வேர் ரிலீஸ். போகவில்லை. நாலு வாரத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் துணி மடிப்பது நின்றுவிட்டது.

படத்தின் கதை தெரிந்ததுதான். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பம். வருஷங்கள் கழித்து, தங்கை முறை பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் போகிறார் அரவிந்த்சாமி. அங்கே கார்த்தி, "அத்தான் அத்தான்" என்று நிழல் மாதிரி ஒட்டிக்கொள்கிறார். இவருக்கோ அவன் யார், பெயர் என்ன என்றே ஞாபகம் இல்லை. கேட்கவும் வெட்கம். மொத்தப் படமும் அந்த வெட்கத்தில்தான் நிற்கிறது.

நீடாமங்கலம் எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி. அந்த ரயில்வே கேட்டில் நான் காத்துக் கிடந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் இன்னொரு டிகிரி முடித்திருக்கலாம். எங்க வீட்டை அப்பா 2019-இல் விற்றார். தகராறு எதுவும் இல்லை. அவருக்கு வயசாகிவிட்டது, நான் வரப்போவதில்லை என்பது அவருக்கு என்னை விட முன்னாடியே தெரிந்திருந்தது. பத்திரப் பதிவு நாளன்று நான் இங்கே ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "முடிஞ்சுதுப்பா" என்றார், "சரிப்பா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். படத்தில் அரவிந்த்சாமி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விடியும் முன்னே கிளம்பும் இடத்தில் நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

படம் நீளம், பேச்சு அதிகம் என்று குறை வந்ததால், வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிஷம் வெட்டினார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன், ராத்திரிப் பேச்சு கொஞ்சம் இழுக்கிறதுதான். ஆனால் கல்யாண வீட்டு ராத்திரிகள் இழுக்கத்தானே செய்யும்? இருநூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்த நீளம் எனக்கு நீளமாகத் தெரிந்திருக்காது. அந்த வாய்ப்பை நான்தான் விட்டேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினியர் புத்தி, மன்னிக்கவும். தமிழ்நாட்டில் ஒரு சின்னப் படம் பிழைப்பது வாய்ப்பேச்சில். வெள்ளிக்கிழமை காலி ஹால், திங்கள்கிழமை "நல்லா இருக்காம்", அடுத்த சனிக்கிழமை ஹவுஸ்ஃபுல். 'லப்பர் பந்து' அப்படி ஏறிய படம். நம்ம ஊர்களில் அந்த இரண்டாவது சனிக்கிழமையே கிடையாது. விநியோகஸ்தர் வார இறுதிக்கு ஹாலை எடுக்கிறார். முதல் காட்சிக்கு ஆள் வரவில்லையென்றால் அடுத்த வாரம் அந்தத் திரை வேறு படத்துக்குப் போய்விடும். படம் நல்லா இருக்கிறது என்று நமக்குத் தெரிய வரும்போது அது இங்கே ஓடிக்கொண்டிருக்காது. நாலு வாரத்தில் ஓடிடி என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆக, முதல் வாரத்திலேயே தெரிந்த முகத்தை நம்பி மட்டும் காசு போடுகிறோம்.

தெரிந்த முகங்கள் என்ன தந்தன? 'இந்தியன் 2' பற்றிப் பேசி யாரையும் புண்படுத்த விரும்பவில்லை. 'கங்குவா'வில் சத்தம் தாங்காமல், தியேட்டர்கள் ஒலியைக் குறைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்ல வேண்டி வந்தது. 'நாயகன்' வந்து 38 வருஷம் கழித்து மணிரத்னமும் கமலும் சேர்ந்த 'தக் லைஃப்' முடிந்து வெளியே வந்தபோது பார்க்கிங்கில் யாரும் யாரிடமும் பேசவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி காரை எடுத்துக்கொண்டு போனோம். 'கூலி'? விசில் அடித்தேன், மறுக்கவில்லை. இந்தியாவில் ஏ சான்றிதழ் வாங்கிய படம் என்பதால் மகளைக் கூட்டிப் போகவில்லை. பத்து வயசுக் குழந்தை தாத்தாவோடு சேர்ந்து பார்க்க முடியாத ரஜினி படம் என்பது எனக்கு இன்னும் ஜீரணம் ஆகவில்லை.

பெரிய படங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. 'அமரன்' மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. முடிவு தெரிந்தே போனோம், தெரிந்தே அழுதோம். அது ராணுவப் படமாக அல்ல, வீட்டில் போனுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் படமாகத்தான் எனக்கு நின்றது. சாய் பல்லவியின் முகம் அப்படி. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலிருந்து வரும் நேரங்கெட்ட நேரத்துப் போனுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது வேறு மாதிரிப் புரியும்.

'மகாராஜா' விஷயத்தில் நான் கட்சி மாறியவன். முதல் தடவை பார்த்துவிட்டு நாலு பேருக்கு போன் போட்டேன். ஒரு சலூன் கடைக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தன் குப்பைத்தொட்டியைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். அங்கிருந்து நிதிலன் சாமிநாதன் பின்னும் திரைக்கதை, கோடு எழுதுகிற எனக்குப் பொறாமையைத் தந்தது. ஒரு வரி வீண் கிடையாது. ஆனால் இரண்டாவது தடவை மனைவியோடு பார்த்தேன். முடிந்ததும் அவள், "ஒரு பொண்ணுக்கு நடந்த கொடுமையை எதுக்குப்பா கடைசி வரைக்கும் சஸ்பென்ஸா மறைச்சு வெச்சான்?" என்று கேட்டாள். பதில் இல்லை. இப்போதும் அது நல்ல திரைக்கதை என்றுதான் சொல்வேன், ஆனால் யாருக்கும் போன் போட்டுச் சொல்வதில்லை. (பேய்ப் படங்களைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. 'டிமான்ட்டி காலனி 2'-ஐப் பாதியில் நிறுத்தினேன். படம் மோசம் என்பதால் அல்ல.)

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு சினிமா என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கு வெளியே நம் பிள்ளைகள் காதில் விழுகிற ஒரே தமிழ் அதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவள் படிப்பது "அணில் மரத்தில் ஏறியது". இங்கே ஓடும் படங்களுக்கு வருவதோ ஆங்கில சப்டைட்டில். அவள் வேகமாகப் படிப்பது ஜெர்மன். ஆக, படத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் துப்பாக்கியும் பஞ்ச் டயலாக்கும் ஓடுகிற படத்தில் அவள் என்ன பிடிப்பாள்? 'பறந்து போ'வைக் கடைசியில் வீட்டு டிவியில் பார்த்தோம். கடன் தவணைக்காரர்களிடமிருந்து தப்பி ஓடும் அப்பனும், வீட்டுக்குள் பூட்டி வைத்து வளர்க்கப்படும் மகனும் பைக்கில் ஊர் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான் கதை. சப்டைட்டிலை அவள் பார்க்கவே இல்லை. நடுவில், "அந்த அப்பா ஏன் போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு?" என்று கேட்டாள். இ.எம்.ஐ. என்றால் என்ன என்று விளக்கினேன். "நம்ம வீட்டுக்கும் இருக்கா?" என்றாள். இருக்கிறது கண்ணு, இன்னும் இருபத்திரண்டு வருஷத்துக்கு.

விளக்க முடியாத கேள்வியும் ஒன்று வந்தது. 'லப்பர் பந்து' பார்த்தபோது. கிரிக்கெட் படம்தானே என்று தைரியமாக உட்கார வைத்தேன். நாற்பது தாண்டியும் மட்டையை விடாத கெத்து, அவர் மகளைக் காதலிக்கிற அன்பு, இருவருக்கும் நடுவே ஈகோ. அட்டகத்தி தினேஷை ஆடுகளத்தில் பார்க்கிற இடங்களில் அவளும் துள்ளினாள். டிராக்டரை ஓட்டிக்கொண்டு வரும் ஸ்வாசிகாவுக்குக் கை தட்டினாள். ஆனால் ஒரு இடத்தில், "அந்த அண்ணாதான் நல்லா ஆடறாரே, ஏன் டீம்ல சேர்க்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

என்ன சொல்வது? இங்கே பிறந்த குழந்தைக்குச் சாதியை எந்த வயசில், எந்த வார்த்தையில் சொல்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "ஊரில் அதெல்லாம் இப்ப இல்லை" என்று கடந்துவிடுவதுதான் நம்மவர்கள் பலரின் வழக்கம். நானும் வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது. படம் அங்கேயே என்னைப் பொய்யன் ஆக்கியது. நிறுத்திவிட்டு, நான் பள்ளிக்கூடத்தில் ஆடிய டீமில் யார் இருந்தார்கள், யார் பந்து பொறுக்க மட்டும் வந்தார்கள் என்பதைச் சொன்னேன். முதல் தடவையாக. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ அவங்ககிட்ட சாரி கேட்டியா?" என்றாள். மாரி செல்வராஜின் 'வாழை'யும் 'பைசனு'ம் இதைவிடக் கூர்மையாக, கோபமாகச் சொல்லும் படங்கள். அவற்றை அவளுக்கு இன்னும் சில வருஷம் கழித்துக் காட்டுவேன். வாசலைத் திறந்துவிட்டது அந்த ரப்பர் பந்துதான்.

தியேட்டரில் நான் சரியாகச் செய்தது ஒன்று உண்டு: 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வும் அதுவும் ஒரே நாளில் வந்தன. நண்பர்கள் எல்லாம் 'ரெட்ரோ'வுக்கு. நான் மட்டும் குடும்பத்தோடு இதற்குப் போனேன். உள்ளே நுழைந்தால் எங்கள் ஐ.டி. கூட்டம் ஒருவரும் இல்லை. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவர்கள் விழாவுக்கு நாம் போவதில்லை, நம் பொங்கலுக்கு அவர்கள் வருவதில்லை. அதை அந்த ஹாலில்தான் முழுசாக உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது.

பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமார், சிம்ரன், ரெண்டு பையன்கள். அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை. வந்த இடத்தில் அவர்களுக்குச் சொல்லப்படுவது, வாயைத் திறக்காதே, உன் தமிழ் உன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதுதான். தமிழ் பேசும் ஊரிலேயே தன் தமிழை ஒளிக்க வேண்டிய நிலை. ட்ராமில் நான் தமிழில் பேசினால் "அப்பா, மெதுவா" என்று என் சட்டையை இழுக்கிற மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

இடைவேளையில் மட்டன் ரோல்ஸ் வரிசையில் நின்ற ஒரு அக்காவிடம் படம் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்களுக்கு இவ்வளவு லேசாக் கதவு திறக்கேல்ல" என்றார். அந்த ஒரு வரியை எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை. படம் கொஞ்சம் சர்க்கரை தூவியதுதான். காலனியில் எல்லோருமே கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அந்த அக்கா சொன்னதையும் சேர்த்துத்தான் அந்தப் படத்தை நான் பார்த்தேன். ஓடிடியில் பார்த்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கம், தேடிப் போகாததால் நாம் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நான் ஜெர்மனியில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வெளியானபோதுதான் தெரிந்தது. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது ஒரு குடும்பம். பின்னணி இசையே இல்லை. வண்டிச் சத்தமும் சேவலும் மட்டும்தான். அன்னா பென் அநேகமாகப் பேசவே இல்லை. முடிவைச் சொல்லாமல் விட்டதற்காகத் திட்டியவர்கள் உண்டு, எனக்கோ அந்த முடிவுதான் பிடித்தது. இது எல்லோருக்குமான படம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி இருபதாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

'பறந்து போ' வந்த அதே ஜூலை 4 அன்றுதான் '3 பி.எச்.கே.'-யும் வந்தது. சொந்த வீட்டுக்காக ஒரு குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கிறது. படம் கொஞ்சம் விளம்பரப் பட வாசனை அடிக்கிறது, உண்மை. ஆனால் சரத்குமார் மகனிடம் எதிர்பார்ப்பை வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்கிற இடங்களில் என் தலைமுறை எஞ்சினியர்கள் யாரும் நேராக உட்கார்ந்திருக்க முடியாது.

"தியேட்டருக்குப் போறதே விசில் அடிக்கத்தான்யா, அழறதுக்கு வீடு இருக்கு" என்று என் அறைத் தோழனாக இருந்தவன் அடிக்கடி சொல்வான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கே நமக்குத் தேர் இல்லை, திருவிழா இல்லை, ரோட்டில் நின்று கத்த முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார். வருஷத்துக்கு நாலு தடவை ஒரு இருட்டு ஹாலில் காகிதம் கிழித்துப் போட்டுக் கத்துவது ஒரு தேவை. அதை நான் விடப்போவதில்லை. அடுத்த ரஜினி படத்துக்கும் லீவு போடுவேன். என் வாதம் அந்த நாலை மூணாகக் குறையுங்கள் என்பதும் இல்லை. ஐந்தாவதாக ஒன்றைச் சேருங்கள், அது முகம் தெரியாத படமாக இருக்கட்டும், அதற்குப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்பதுதான்.

இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. "தமிழ்ப் படத்துல ஏன் எல்லாரும் கத்திக்கிட்டே இருக்காங்க?" என்று தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். அவன் தியேட்டரில் பார்த்தது எல்லாம் அவன் அப்பா கூட்டிப்போன படங்கள். கத்தாத படங்களும் இருக்கின்றன, அவை உங்கள் ஊர் வரைக்கும் வருவதில்லை, வராததற்கு உங்கள் அப்பாக்கள்தான் காரணம். நான் உட்பட.

இப்போது ஒரு முயற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் நகரத்தில் எழுபது இருக்கைகள் கொண்ட ஒரு சின்னக் கீனோ இருக்கிறது. பழைய படங்களும் கலைப் படங்களும் போடுகிற இடம். நாற்பத்தைந்து டிக்கெட்டுக்கு உறுதி கொடுத்தால், டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை ஹாலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'மெய்யழக'னைத் திரையிட உரிமை கேட்டு அந்த நண்பர் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை ஐ.டி. குழுவில் மட்டும் போடவில்லை. மட்டன் ரோல்ஸ் அக்காவின் நம்பரைத் தேடிப் பிடித்து, அவர்கள் சங்கக் குழுவிலும் போடச் சொன்னேன். "எத்தனை பேர் வேணும் தம்பி?" என்றார். நேற்று ராத்திரி வரை முப்பத்தொண்ணு. அதில் பத்தொன்பது பேர் அவர் சேர்த்தவர்கள்.